பன்னிரண்டு கட்டம்

வைகாலா மருத்துவமனையில் டாக்டர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும், பெனாயாவின் கழுத்தில் ஸ்கேல் தொங்கும். எந்தக் காலத்திலோ ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் ஸ்கேல் அது. அடியில் இருப்பது தெரியும்படி கண்ணாடி மாதிரி இருக்கும். பழைய நடுவர் ஒருவரின் விசில் கயிற்றில் அதைக் கோத்து மாட்டியிருந்தான். குளிக்கும்போது கழற்றுவானா என்று நர்ஸுகள் பந்தயம் கட்டியதுண்டு.

ஈ.சி.ஜி எடுப்பது அவன் வேலை. எடுத்துக் கொடுத்தால் போதும் என்றுதான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. பெனாயாவுக்கு அது போதவில்லை. ஓடி வந்த காகிதத்தை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அலைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பான். மெஷின் தானாகவே கணக்குப் போட்டுக் காகிதத்தின் தலையில் எண்களை அச்சடித்துத்தான் தரும். முதல் வேலையாக அந்த எண்களைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துவிடுவான்.

"மெஷினுக்குக் கண்ணு இருக்கா? எனக்கு இருக்கு" என்பான்.

டாக்டர் சுக்தேவ் அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. அவருக்குத்தான் கண் சரியில்லையே. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த மனுஷன். பெனாயா என்ன எழுதினானோ அதுதான் அவருக்கு வேதவாக்கு. ஊமை ஊரில் உளறுவாயன் பேச்சாளன் என்கிற கதையாக, பெனாயா அந்தச் சர்க்கரை ஆலை ஊருக்கே இதய நிபுணனாகிவிட்டான். கரும்பு வெட்டுகிறவர்கள் அவனைச் சந்தையில் கண்டால் சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவன் அளவு துல்லியம். காகிதத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முதல் குத்து எழும்பத் தொடங்குகிற இடத்திலிருந்து, கடைசி மேடு வந்து தரையில் சாய்கிற இடம் வரை எத்தனை கட்டம் என்பதுதான் அவனுக்குப் பிடித்த அளவு. அந்த நேரத்துக்குள்தான் இதயம் ஒரு தடவை சுருங்கி, அடுத்த அடிக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பத்து கட்டம் என்றால் நிம்மதி, பதினொன்று வரைக்கும் பொறுக்கலாம். பன்னிரண்டு என்றால், ஓடுகிறபோதோ திடுக்கிடுகிறபோதோ ஆள் நின்ற இடத்தில் விழுந்து, எழுந்திருக்காமலே போய்விடலாம்.

அவன் கட்டங்களை எண்ணுவதில்லை. எதற்கு எண்ண வேண்டும்? ஸ்கேலிலும் மில்லிமீட்டர், காகிதத்திலும் மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தால் முடிந்தது.

வைசாக்கே அவனிடம் வந்தபோது பத்தொன்பது வயது. கடற்கரை ஊர்க்காரன், ரக்பியில் ஓரத்தில் ஓடுகிறவன். பந்து கைக்கு வந்துவிட்டால் பிறகு அவன் முதுகைத்தான் பார்க்கலாம் என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். பிரான்ஸில் ஒரு கிளப் அவனைக் கேட்டிருந்தது. இதயப் பரிசோதனைச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. ஏஜெண்ட் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். தாய் உனைசி வராந்தா பெஞ்சில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் புருஷன் கரும்பு ஏற்றும்போது லாரியடியில் சுருண்டு விழுந்து செத்தவன். எதனால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அன்று யாரும் இல்லை.

பெனாயா மலையூர்க்காரன். அந்த மலையூருக்கும் இந்தக் கடற்கரை ஊருக்கும் தௌவு உறவு. பழைய தெய்வம் இரண்டுக்கும் ஒன்று. அதனால் ஓர் ஊர்க்காரன் இன்னோர் ஊர்க்காரனை வாய்க்கு வந்தபடி ஏசலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்தால் வந்தவனுக்குத்தான் அவமானம்.

வைசாக்கே கட்டிலில் படுத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"யோவ் மலைப்பன்னி, அந்த ஸ்கேலால எதையெல்லாம்யா அளப்ப? உன்னுத அளந்து பாத்தியா? ஒரு கட்டமாவது தேறுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸுகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"மூச்ச அடக்கிட்டுப் படுடா மீன்முள்ளு. உன் நெஞ்சு என் கையில இருக்கு, பாத்துப் பேசு."

"பாத்துத்தான் பேசுறேன். உன் மூஞ்சியப் பாத்தா நெஞ்சு ஓட மாட்டேங்குது."

காகிதம் ஓடி முடிந்தது. அந்தக் காகிதத்துக்கு ஒரு சீக்கு உண்டு. சூட்டால் அச்சாகிற வகை அது. எங்கள் ஊர் வெயிலில் அடுத்த மழைக்குள் கோடு வெளுத்துவிடும். அதனால் எடுத்த கையோடு ஜெராக்ஸ் போட்டு, அந்த நகலைத்தான் ஃபைலில் வைப்பார்கள். பெனாயா நகல் போட்டு, தலையில் இருந்த எண்ணைச் சிவப்பில் அடித்து, அளப்பதற்காக அசலை எடுக்கத் திரும்பினான். அசல் வைசாக்கேயின் கையில் இருந்தது.

"இது என் நெஞ்சு. எங்கம்மாட்ட காட்டணும். சொவத்துல மாட்டணும். நீ உன் மூஞ்சிய ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்க."

சொல்லிவிட்டு ஓடியேவிட்டான். தௌவு உரிமை, பிடுங்கினது பிடுங்கினதுதான். நர்ஸுகள் மறுபடி சிரித்தார்கள். பெனாயாவும் சிரித்தான். சிரித்துத்தானே ஆக வேண்டும். உள்ளுக்குள் அந்த 'ஒரு கட்டம்' முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதனால் பெனாயா தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நகலின்மேல் ஸ்கேலை வைத்தான். நகலில் கட்டங்கள் சன்னமாக, இருக்கிறதா இல்லையா என்று இருந்தன. கோடு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. ஸ்கேல்தான் இருக்கிறதே. வைத்தான், ஒற்றைக் கண்ணை மூடினான். பன்னிரண்டு.

மறுபடி வைத்தான். பன்னிரண்டுதான். நாடியை விரல் வைத்து ஏற்கெனவே எண்ணியிருந்தான், நிமிடத்துக்கு அறுபது. அந்த வேகத்துக்குக் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம், வந்த அளவு அப்படியே நிற்கும்.

அவன் மகிழ்ந்தானா என்று கேட்டால், இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அத்தனை பேரையும் தன்னைப் பார்த்துச் சிரிக்கவைத்த பயலின் நெஞ்சில் குறை கண்டவனுக்கு, பயத்தோடு பயமாக ஒரு துளி இனிப்பும் இருந்திருக்கும். சிவப்புப் பேனாவால் பன்னிரண்டு கட்டம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தான்.

டாக்டர் சுக்தேவின் கண்ணுக்காக ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் நகல் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக வரும்படி வைத்திருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பெனாயாவுக்கும் தெரியும். எழுத்து பெரிதானால் டாக்டர் படிப்பார் என்பது தெரியும், கோடும் கூடவே பெரிதாகும் என்பதும் யோசித்தால் தெரியும். இரண்டும் ஒரே மண்டைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தன. பேச்சுவார்த்தைதான் இல்லை.

டாக்டர் உனைசியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். புருஷன் எப்படிச் செத்தான் என்று கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் பெனாயாவைப் பார்த்தார், பெனாயா தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலோடு பிரான்ஸ் போயிற்று.

தலைநகர் சுவாவுக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதித்தான் கொடுத்தார். அங்கே ஓடுகிற பட்டையின்மேல் ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ உனைசியிடம் சொல்லிவிட்டார்கள்.

"ஓடுனா செத்துருவான்னு சொல்றீங்க. ஓடவிட்டுச் செத்துருவானான்னு பாக்கப் போறீங்களா? அவங்கப்பன ஒரு தடவ தூக்கியாச்சு. இன்னொரு தடவ தூக்க எனக்குத் தெம்பில்ல" என்று அவள் சீட்டை அடுப்பில் போட்டாள்.

வண்டியில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் அடுத்த வாரமே அதே ஊரில் ஏமோசி என்ற வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு போனான். வைசாக்கேயை ஒரு தடவைகூட முந்தாதவன் அந்த ஏமோசி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. வைசாக்கே நெஞ்சை மெதுவாக அடிக்கவைக்கிற மாத்திரையைக் காலையும் மாலையும் விழுங்கினான். படகு தள்ளக் கூடாது, பந்து தொடக் கூடாது, நீந்தக் கூடாது. தென்னை ஏறக் கை வைத்தால் நாலு பேர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்தார்கள். கோயில் பாட்டுக் குழுவில்கூட உயர்ந்த குரல் வேண்டாம் என்று பின்வரிசைக்கு அனுப்பினார்கள். மாத்திரை அவன் கால்களில் ஈயத்தை ஊற்றியது. உடம்பு ஊதியது. கட்டிக்கொள்ள இருந்த பெண், நல்லவள்தான், அழுதுவிட்டுத்தான் போனாள். சின்னப் பிள்ளைகள் அவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள்.

"டேய் கண்ணாடி, கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காரு. பந்து பட்டு நீ ஒடஞ்சேன்னா எங்கம்மா எங்களத்தான் அடிப்பா."

அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். ஏமோசியின் தாய்க்கு அடுத்த மனையில் சிமெண்ட் வீடு எழும்பியது. உனைசி அதைப் பார்த்துக்கொண்டே துணி துவைத்தாள்.

"வீட்ட எப்ப வேணும்னாலும் கட்டலாம். உசுரக் கட்ட முடியுமா?" என்பாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணமான மனிதனை அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மண்ணடுப்பில் வெந்த பன்றியின் பின்தொடை முழுசாக, வாழை இலையில் சுற்றி, மலையூருக்குப் போனது, தாலோக் கிழங்கோடு. வைசாக்கேதான் பஸ்ஸில் கொண்டு போவான். பெனாயா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கு? ஆண்டவன் என் கண்ணுல காட்டுனாரு, நான் சொன்னேன்" என்பான். சொல்லிக்கொண்டே தோலின் மொறுமொறுப்பான பக்கத்தைத் தேடி எடுப்பான். கோயிலில் சாட்சி சொல்ல அழைத்தால் அவன் சொல்கிற சாட்சி ஒன்றே ஒன்றுதான். ஒரு கையில் ஸ்கேலைத் தூக்கிப் பிடிப்பான். "பத்து இல்ல, பதினொண்ணு இல்ல, பன்னிரண்டு!" என்பான். சபை ஆமென் என்னும். மலையூரில் கைக்குழந்தைக்குக்கூடப் பன்னிரண்டு கட்டம் தெரியும்.

இப்படிப் பத்து வருஷம். டாக்டர் சுக்தேவ் ஓய்வு பெற்று நியூசிலாந்தில் மகளிடம் போய்விட்டார். அவர் கண்ணுக்காக வைத்த அளவு மட்டும் ஜெராக்ஸ் மெஷினில் அப்படியே இருந்தது.

ஒருநாள் ஸ்கேல் விரிசல் விட்டது. கோடுகளும் தேய்ந்து வந்தன. அந்த மாதிரி ஸ்கேல் இனிக் கிடைக்காது. பெனாயாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்கேலையே ஜெராக்ஸ் போட்டு, அட்டையில் ஒட்டி, ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளலாமே. போட்டான். வெளியே வந்த காகித ஸ்கேலின்மேல் அசல் ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.

காகித ஸ்கேல் நீண்டிருந்தது. அதில் பத்து என்று போட்டிருந்த இடத்தில், அசலில் பன்னிரண்டு.

மெஷின் அறையில் அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. கிளார்க் வந்து, "என்ன அண்ணே, உங்க ஸ்கேலு குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டபோதுதான் நகர்ந்தான். நேரே பதிவறைக்குப் போனான். ஃபைலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாழ்நாளில் முதல் முறையாகக் கட்டங்களை விரல் வைத்து எண்ணினான். பத்து. அவனே சிவப்பில் அடித்த எண்ணை உற்றுப் பார்த்தான். மெஷின் போட்டிருந்ததும் அதே பத்துக்கான கணக்குத்தான். கண்ணில்லாத மெஷின் சரியாகச் சொல்லியிருந்தது.

ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்தான். காகித ஸ்கேலைச் சுக்கலாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இறைத்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மனிதனின் முழு வாலிபத்தை மறைக்கலாம் போலிருக்கிறது, யாரும் தேடாவிட்டால். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பன்றித் தொடை வந்தது. அவன் தின்றான். அந்த வருஷம் மொறுமொறுப்பைத் தேடவில்லை என்று வேண்டுமானால் அவன் கணக்கில் வரவு வைக்கலாம்.

அடுத்த வருஷம் டாக்டர் லவேனியா வந்தாள். சின்ன வயசு. எங்கள் மண்ணில் பிறந்தவள்தான். மாத்திரை வாங்க வந்த வைசாக்கேயை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பது வயசுல இந்த மாத்திரைய எதுக்குச் சாப்பிடுறீங்க?"

"நான் கண்ணாடி டாக்டர். ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எனக்கு ஊரு சொல்ல வேணாம். இன்னொரு தடவ ஈ.சி.ஜி எடுத்துட்டு வாங்க."

அப்படித்தான் அவன் அதே கட்டிலில் மறுபடி வந்து படுத்தான். கட்டில் முனகியது.

"யோவ் ஸ்கேலு, நல்லா ஒட்டுய்யா. இந்தக் கொழுப்புக்கு அந்தப் பக்கம் எங்கயோ ஒரு நெஞ்சு இருக்கு" என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவ பதிமூணு வந்திருந்தா அம்மாட்ட சொல்லிராத. பாவம் அது, தூங்காது" என்றான்.

மெஷினில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் காகிதம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். வேகமாக ஓடினால் அலை இழுபடும், பத்து கட்டம் இருபதாகத் தெரியும். பெனாயாவின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. போனது மட்டுமல்ல, அதன்மேல் உட்கார்ந்தது. இருபது என்று நம்பக்கூட வேண்டாம், பயலுக்கு ஏதோ இருக்கிறது என்று டாக்டர் நினைத்தால் போதும், பழைய ஃபைலைத் தோண்ட மாட்டாள். அவன் அழுத்தவில்லை. நல்லவனாகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அவள் காகிதத்தைக் கையிலேயே வாங்கி நின்ற இடத்தில் பார்த்தாள். பழைய நகலை ஃபைலிலிருந்து உருவி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். பேனா முனையால் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"ரெண்டும் பத்துதான். இங்க பன்னிரண்டுன்னு செவப்புல எழுதுனது யாரு?"

ஊருக்கே தெரிந்த பதில் அது.

வைசாக்கே எழுந்து உட்கார்ந்தான். மார்பில் ஒட்டியிருந்த வயர்கள் தொங்கின.

"அப்ப எனக்கு என்ன வியாதி டாக்டர்?"

"ஒண்ணும் இல்ல."

"சரியாயிருச்சா?"

"சரியாகுறதுக்கு எதுவுமே இருந்ததில்ல."

"அப்பவும் ஒண்ணும் இல்லையா? அந்த ஏஜெண்டு வந்தானே, அப்பவும்?"

"அப்பவும் ஒண்ணும் இல்ல."

அவன் திரும்பிப் பெனாயாவைப் பார்த்தான். பெனாயா ஸ்கேலைப் பார்த்தான். கையில் பசையைத் துடைக்கிற துணி இருந்தது, அதை நீட்டினான். வைசாக்கே வாங்கி, மார்பைத் துடைத்துக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

டாக்டர் லவேனியா மேலிடத்துக்கு எழுதுவேன் என்று குதித்தாள். அதற்குள் பெனாயாவின் பெரியப்பா திமிங்கிலப் பல்லை எடுத்து எண்ணெய் தடவிவிட்டார்.

எங்கள் வழக்கம் அது. தப்புச் செய்தவனின் ஆட்கள் பல்லை ஏந்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவன் வீட்டு வாசலில் முழங்காலில் வருவார்கள். வீட்டுப் பெரியவர் பல்லை வாங்கிவிட்டால் தப்பு புதைந்தது. அதற்குப் பின் அதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, மேலிடத்துக்கு எழுதக் கூடாது, மனசிலும் வைக்கக் கூடாது. இந்த வழக்கத்தால் எத்தனையோ கொலை தடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல வழக்கம்தான், புதைக்கப்படுவது நீயாக இல்லாத வரைக்கும்.

மலையூர்க்காரர்கள் சனிக்கிழமை வந்தார்கள். பாய் விரித்து, வைசாக்கேயின் அப்பாவுக்கு அண்ணன் நைகாமா மேலே உட்கார்ந்திருந்தார். உனைசி பெண்களோடு ஓரத்தில். வைசாக்கே எங்கே? சடங்கில் குடிக்கிற கவா வேரைக் கரைக்கிற மரத்தொட்டிக்குப் பின்னால். இளவட்டங்கள்தானே கரைத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவன் முப்பதிலும் இளவட்டம்தான். அவனுக்கு நடந்த அநியாயத்துக்கான சடங்கில் அவன் வேலை பரிமாறுவது.

பெனாயா வாசற்படிக்குப் பக்கத்தில் தலை குனிந்து இருந்தான். பெரியப்பா பல்லை இரண்டு கையாலும் ஏந்திப் பேசினார். பேச்சு அழகாகத்தான் இருந்தது. எங்கள் பையனின் கண் தவறியது, கை தவறியது, உங்கள் காலடியில் மண்ணாகக் கிடக்கிறோம் என்றார். செய்த தப்பு என்ன என்று அந்தப் பேச்சில் ஒரு இடத்திலும் வரவில்லை.

நைகாமா பல்லை வாங்கினார். முகர்ந்தார்.

"தௌவுக்காரங்க நாம. ஒரே வயிறு. புள்ள உசுரோடதான இருக்கான்? அது போதும். பொதச்சாச்சு."

எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் வைசாக்கேயிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது நன்றாகவே அமுங்கிப்போயிற்று. உனைசியும் தட்டினாள். அவள் முகத்தை நான் சொல்லப்போவதில்லை. ஒரு தாய் பத்து வருஷம் எதற்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்னாளோ அதையும் சேர்த்துத்தானே புதைத்தார்கள்.

முதல் சிரட்டை நைகாமாவுக்கு, அடுத்தது பெரியப்பாவுக்கு, பிறகு பெனாயாவுக்கு. வைசாக்கே சிரட்டையோடு அவன் முன்னால் குனிந்தான். வீடே வைசாக்கேயின் வாயைப் பார்த்தது. இந்த இடத்தில் தௌவுக்காரன் ஒரு கேலி சொன்னால்தான் நெஞ்சு இலேசாகும். சொல்லடா என்று எல்லோர் கண்ணும் கெஞ்சியது.

"அந்த ஸ்கேலக் குடு" என்றான்.

அது உரிமை. பெனாயா கயிற்றோடு கழற்றிக் கொடுத்தான். கழுத்தில் கயிறு இருந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. யாரோ, "விடாத, இடுப்புல கட்டுன சூலுவையும் உருவிக்க!" என்றார்கள். வீடு சிரித்தது. பெரியப்பாவுக்கு நிம்மதியில் கண்ணீரே வந்துவிட்டது.

வைசாக்கே ஸ்கேலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். வீட்டுக்கு நேர் எதிரேதான் மைதானம். சாயங்கால ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பையன்கள், "கண்ணாடி, கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று வழக்கம்போலக் கத்தினார்கள். அவன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். யாருடைய கையிலிருந்தோ பந்தைப் பிடுங்கினான். ஓடினான்.

"ஓடாதடா! ஓடாதடா வைசாக்கே!" உனைசி எழுந்து வாசலைத் தாண்டிவிட்டாள். பழக்கம். பத்து வருஷம் அவள் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதானே.

பெனாயா வாசற்படியிலிருந்து பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஓட்டத்தில் பழைய ஓட்டம் இல்லை. வயிறு ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று, கழுத்தில் ஸ்கேல் துள்ளித் துள்ளி முகத்தில் அடித்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள், விழப்போகிறான் என்று. உனைசி விழப்போகிறான் என்று ஓடினாள். விழட்டும், அப்படியாவது தன் பன்னிரண்டு சரியாகட்டும் என்று ஒரு கணம், ஒரே கணம், பெனாயாவின் மனசும் கேட்டது. அது கேட்டது அவன் காதிலேயே விழுந்தது. அதற்குமேல் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள அவனுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

வைசாக்கே விழவில்லை. பாதி மைதானத்தில் மூச்சு வாங்கி நின்றான். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குடித்த கவாவை வாந்தி எடுத்தான். நிமிர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. தாய் வந்து அவன் மார்பில் கையை வைத்தாள். அது திடும் திடுமென்று, ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே புல்லில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள், செத்த வீட்டில் வைப்பதுபோல.

"கண்ணாடி ஒடையலடா!" என்று ஒரு பொடியன் கத்தினான். ஆட்டம் மறுபடி தொடங்கிற்று.

உள்ளே பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதைத்ததைப் பார்க்கக் கூடாது. அடுத்த சிரட்டை வந்தது.

அந்த டிசம்பரில் பன்றித் தொடை வராது என்றுதான் பெனாயா நினைத்தான். வராமல் எப்படி இருக்கும்? பல்லை வாங்கியாகிவிட்டது, உறவு முன்போல இருந்தே ஆக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் புதைத்ததைத் தோண்டியதாகிவிடும். கிறிஸ்துமஸ் மத்தியானம் வைசாக்கே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். வாழை இலையில் பின்தொடை முழுசாக, தாலோக் கிழங்கோடு. கழுத்தில் ஸ்கேல்.

முன்பெல்லாம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவான். இந்தத் தடவை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தானே இலையைப் பிரித்தான், மொறுமொறுப்பான தோலைத் தானே தேடி உரித்தான், பெனாயாவின் தட்டில் வைத்தான்.

பெனாயா தட்டிலிருந்து நிமிர்ந்தான். "வைசாக்கே, நான் அன்னிக்கு..."

"ஸ்... பொதச்சாச்சு. தோண்டாத, ஊரு கெட்டுப்போகும்." வைசாக்கே சிரித்தான். தௌவுக்காரன் சிரிக்கிற சிரிப்புத்தான், குறை சொல்ல இடமில்லை. "சாப்புடு. நான் உசுரோட இருக்கேன்ல, அதுக்குத்தான் அம்மா அனுப்புது. எலும்பு தெரியிற வரைக்கும் சாப்புடணும். பாத்துட்டு வரச் சொல்லிருக்கு."

பெனாயா தின்றான். வைசாக்கே பக்கத்தில் உட்கார்ந்து, ஈயை விரட்டிக்கொண்டு, தட்டு காலியாகக் காலியாக அடுத்த துண்டை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான். இருவருக்கும் இன்னும் வெகுகாலம் ஆயுசு உண்டு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸும் வரும்.